எ. சுப்பராயலுவின் ஆய்வுப்பணி: ஒரு மதிப்பீடு

எ. சுப்பராயலு தமிழகக் கல்வெட்டியல், தொல்லியல் ஆய்வாளர், பல்கலைக்கழக ஆசிரியர். சோழர் கால நாட்டுப் பிரிவுகள், அரசமைப்பு, வேளாண் சமூகம் ஆகியவை பற்றிய ஆய்வுகளுக்காக அறியப்படுபவர். ஆங்கில நூல்களில் இவருடைய பெயர் ஒய். சுப்பராயலு என்று இருக்கும். இரண்டும் ஒருவரே என்பதை மாணவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

இக்கட்டுரை அவருடைய வாழ்க்கைக் குறிப்பு அன்று. அவர் கையாண்ட முறை என்ன, அது தமிழக வரலாற்றைப் படிக்கும் விதத்தை எவ்வாறு மாற்றியது, எந்த இடத்தில் போதாமல் நிற்கிறது என்ற மூன்று கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறது.

பணிக்களம்

சுப்பராயலு தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டியல் மற்றும் தொல்லியல் துறையில் பேராசிரியராகப் பணியாற்றினார். பின்னர் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் தென்னிந்திய வரலாற்று நிலப்படத் திட்டத்தில் ஈடுபட்டார். ஜப்பானிய வரலாற்றாசிரியர் நொபொரு கராஷிமாவுடன் நெடுங்காலம் இணைந்து பணியாற்றினார். சோழ நாட்டின் அரசியல் நிலவியல் பற்றிய அவருடைய ஆங்கில நூலைத் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1973இல் வெளியிட்டது. சோழர் கல்வெட்டுகளில் உள்ள பெயர்களின் அடைவு கராஷிமா, தோரு மட்சுயி ஆகியோருடன் சேர்ந்து 1978இல் மூன்று தொகுதிகளாக வந்தது. தமிழ்க் கல்வெட்டுச் சொல்லகராதி 2002–2003இல் இரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. சோழர் காலம் பற்றிய கட்டுரைகளின் தொகுப்பு 2012இல் நூலாயிற்று.

இந்தப் பட்டியலில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. முதலில் நிலப்படம், அடுத்து பெயர்கள், அதன் பின் சொற்கள், கடைசியில் விளக்கம். முடிவை முதலில் வைத்துக்கொண்டு சான்று தேடும் வழக்கத்துக்கு இது நேர் எதிரானது.

நாடு என்னும் அலகு

சோழர் வரலாறு என்றால் அரசர் பட்டியலும் போர்களும் கோயில்களும்தான் என்ற நிலை நெடுநாள் இருந்தது. கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி எழுதிய சோழர் வரலாறு மிகப் பெரிய சாதனை. ஆனால் அதில் மேலே பேரரசன் இருக்கிறான், கீழே கிராம சபை இருக்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவே இருந்தது என்ன என்பது தெளிவாகவில்லை. சுப்பராயலு அந்த நடுப்பகுதியைப் பிடித்தார். கல்வெட்டுகளில் வரும் ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாக எடுத்து, இன்றைய ஊர்களுடன் பொருத்தி, அவை எந்த நாட்டைச் சேர்ந்தவை என்று நிலப்படத்தில் குறித்தார்.

அப்போது ஓர் உண்மை புலப்பட்டது. நாடு என்பது அரசன் கோடு கிழித்து உண்டாக்கிய பிரிவு அன்று. நீர்ப்பாசனத்தையும் சாகுபடியையும் ஒட்டி ஊர்கள் தாமாகக் கூடி அமைந்த பகுதி அது. வளமான ஆற்றுப் படுகையில் நாடுகள் சிறியவை, நெருக்கமானவை. வறண்ட நிலத்தில் பரந்தவை. நாட்டின் சார்பில் பேசிய நாட்டார் நிலம் உடைய வேளாளர். இதற்கு மாறாக, முதலாம் ராஜராஜன் காலத்தில் தோன்றிய வளநாடுகள் ஆறுகளையும் வாய்க்கால்களையும் எல்லையாகக் கொண்டு அரசு வகுத்தவை. சில இடங்களில் அவை பழைய நாடுகளையே குறுக்கே வெட்டிச் சென்றன. ஒன்று மண்ணிலிருந்து முளைத்தது, மற்றொன்று அரண்மனையிலிருந்து வந்தது. இந்த வேறுபாட்டை நிலப்படம் இல்லாமல் யாரும் காட்டியிருக்க முடியாது.

மானிடவியலுடன் ஓர் உரையாடல்

இந்த நிலப்படம் கடல் கடந்து சென்று ஒரு பெரிய விவாதத்துக்கு வித்திட்டது. அமெரிக்க வரலாற்றாசிரியர் பர்டன் ஸ்டெயின் 1980இல் வெளியிட்ட நூலில் சோழ அரசை ‘கூறாக்க அரசு’ என்று விளக்கினார். இக்கருத்தை அவர் மானிடவியலாளர் எய்டன் சவுத்தாலிடமிருந்து எடுத்தார். ஆப்பிரிக்காவின் அலூர் மக்களிடையே கள ஆய்வு செய்து சவுத்தால் உருவாக்கிய கருத்து அது. ஸ்டெயின் பார்வையில் நாடுகள்தாம் உண்மையான அதிகார மையங்கள். சோழ மன்னனின் மேலாண்மை பெரும்பாலும் சடங்கு சார்ந்தது. தம் கூற்றுக்கு அடித்தளமாக ஸ்டெயின் கொண்டது சுப்பராயலு வரைந்த நாடுகளையே.

தம் ஆய்வு உலகப் புகழ் பெற்ற நூல் ஒன்றுக்கு அடிப்படையானதில் மகிழ்ந்து பேசாமல் இருந்திருக்கலாம். சுப்பராயலு அப்படி இருக்கவில்லை. 1982இல் சோழ அரசு பற்றி எழுதிய கட்டுரையில் மறுத்தார். மறுப்புக்கு அவர் வைத்த சான்றுகள் எளியவை. அரசு அதிகாரிகளைக் குறிக்கும் பட்டங்களைக் கால வரிசையில் எண்ணினார். சோழர் காலத்தை 849–985, 985–1070, 1070–1178, 1178–1279 என நான்கு கட்டங்களாகப் பிரித்துப் பார்த்தார். ராஜராஜன் காலம் தொடங்கி அதிகாரிகளின் எண்ணிக்கையும் நிலவரி நிர்வாகச் சொற்களும் பெருகுகின்றன, பிற்காலத்தில் குறைகின்றன. சடங்குக்கு மட்டும் தலைவனாக இருப்பவனுக்கு நிலம் அளக்கவும் வரிக்கணக்கு எழுதவும் இத்தனை பேர் எதற்கு?

அதே வேளையில், இன்றைய அரசு போன்ற முழுமையான அதிகார இயந்திரம் அங்கு இருந்தது என்ற பழைய பெருமிதத்தையும் அவர் ஏற்கவில்லை. மானிடவியலாளர் பேசும் ‘தொடக்க நிலை அரசு’ என்ற கருத்து சோழர்களுக்குப் பொருந்தும் என்றார். மானிடவியலை அவர் ஒதுக்கவில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த கருத்து என்பதற்காக அதைத் தள்ளவில்லை, மேல்நாட்டறிஞர் சொன்னார் என்பதற்காகக் கொள்ளவும் இல்லை. கல்வெட்டில் எண்ணிப் பார்த்துவிட்டு முடிவு செய்தார். மாணவர்கள் அவரிடம் முதலில் கற்க வேண்டியது இதுவே.

மண்ணும் எழுத்தும்

ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் ஆற்றங்கரையில் உள்ள கொடுமணலில் 1985 முதல் 1990 வரை தமிழ்ப் பல்கலைக்கழகம் நடத்திய அகழாய்வுகளில் சுப்பராயலு முக்கியப் பங்கு வகித்தார். பதிற்றுப்பத்து குறிப்பிடும் கொடுமணம் இதுவே என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். மணிகள் செய்த தொழிற்கூடத் தடயங்கள், இரும்பு உருக்கிய உலைகள், பெருங்கற்காலச் ஈமச் சின்னங்கள், தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் ஆகியவை இங்கே கிடைத்தன.

எழுத்துச் சான்றும் மண்ணுக்கடியில் கிடைக்கும் பொருளும் ஒன்றையொன்று சோதிப்பதே வரலாற்றுக் காலத் தொல்லியல். இலக்கியத்தில் ஊரின் பெயர் இருக்கிறது. மண்ணில் அவ்வூரின் தொழில் இருக்கிறது. பானை ஓட்டில் அங்கு வாழ்ந்தவரின் பெயர் இருக்கிறது. மூன்றும் ஓரிடத்தில் கூடுவது அரிது. பானை ஓட்டில் எழுதியவர் அரசர் அல்லர், புலவரும் அல்லர். தம் பானையில் பெயர் கீறிய சாதாரண மனிதர். எழுத்தறிவு எந்த அளவுக்குப் பரவியிருந்தது என்ற கேள்வியை இந்த ஓடுகள் எழுப்பியதுபோல் வேறெதுவும் எழுப்பவில்லை.

உத்திரமேரூரும் புள்ளலூரும்

சுப்பராயலுவின் முறையை எங்கள் பகுதியில் வைத்துப் பார்க்கலாம். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. முப்பது குடும்புகள், குடவோலை, வயது 35 முதல் 70 வரை, கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு என்று விதிகள் போகின்றன. பாடநூல்களிலும் மேடைகளிலும் இது தமிழரின் பழைய மக்களாட்சி என்று போற்றப்படுகிறது.

அவருடைய முறையில் படித்தால் வேறு சில கேள்விகள் எழும். முதலில், இது எத்தகைய ஊர்? சதுர்வேதிமங்கலம், அதாவது பிராமணர் ஊர். தீர்மானித்தது சபை. வேளாளர் ஊர்களில் இருந்த ‘ஊர்’ என்ற அவையில் இதே விதிகள் இருந்தன என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. அல்லூர், ஈசானமங்கலம் என்ற இரண்டு ஊர்களை ஒப்பிட்டு, இவ்வகை ஊர்களில் நிலவுடைமையே வேறுபட்டது என்று கராஷிமா காட்டியிருக்கிறார். இரண்டாவதாக, இத்தீர்மானங்கள் அரசன் ஆணைப்படி, அரசு அதிகாரி உடனிருக்க நிறைவேறின. அப்படியானால் இது அரசு தலையிடாத கிராமத் தன்னாட்சி என்று சொல்வது எவ்வாறு? மூன்றாவதாக, நிலமற்றவர்க்கும் பெண்களுக்கும் இதில் இடம் எங்கே? இக்கேள்விகளால் உத்திரமேரூரின் சிறப்பு குறையாது. தேர்தல் விதிகளை இவ்வளவு நுணுக்கமாக எழுதி வைத்த சபை வியப்புக்குரியதே. ஆனால் வியப்பு வேறு, வரலாறு வேறு.

புள்ளலூரும் அப்படித்தான். முதலாம் மகேந்திரவர்மன் புள்ளலூரில் தன் முதன்மைப் பகைவர்களை அழித்தான் என்று காசக்குடிச் செப்பேடு கூறுகிறது. பல்லவன் காஞ்சியின் மதிலுக்குப் பின்னே ஒளிந்தான் என்று 634–635ஆம் ஆண்டின் ஐஹொளெக் கல்வெட்டு சாளுக்கியர் பக்கம் நின்று பேசுகிறது. காசக்குடிச் செப்பேடு இரண்டாம் நந்திவர்மன் காலத்தது. நிகழ்ச்சிக்கு நூறாண்டுக்கும் பிந்தியது. பகைவன் புலிகேசி என்று அது பெயர் சொல்லவும் இல்லை. அதை நாம் பொருத்திக்கொள்கிறோம். யார் எழுதியது, எப்போது எழுதியது, யாருக்காக எழுதியது என்று கேட்கப் பழகிய மாணவன் இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பான். இதே புள்ளலூர்ப் பகுதியில்தான் 1780 செப்டம்பர் 10 அன்று பெய்லியின் ஆங்கிலேயப் படை ஐதர் அலி, திப்பு படைகளிடம் தோற்றது. அந்தப் போரைத் திப்பு ஸ்ரீரங்கப்பட்டணம் மாளிகைச் சுவரில் ஓவியமாகத் தீட்டச் செய்தார். அங்கும் இதே கேள்விகள் பொருந்தும்.

போதாமைகள்

முதற்குறை, எண்ணும் முறையைச் சார்ந்தது. கல்வெட்டு என்பது கொடுத்தவரின் குரல். கோயிலுக்கு நிலம் கொடுக்க நிலம் வேண்டும். நிலம் இல்லாதவர் பெயர் அடைவுக்குள் வரவே வழியில்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் பறைச்சேரி, தீண்டாச்சேரி என்ற சொற்கள் வரி நீக்கிய நிலங்களின் பட்டியலில் வருகின்றன. சேரி இருக்கிறது, சேரியில் வாழ்ந்தவர் பெயர் இல்லை. இடங்கை, வலங்கைப் பிரிவுகள் பற்றிச் சுப்பராயலு எழுதியிருக்கிறார். சமூக மாற்றத்தைப் பேசாதவர் அல்லர். ஆயினும் எண்ணிக்கை முறையில் சான்று இல்லாதவர் சுழியமாகிவிடும் ஆபத்து உண்டு.

இரண்டாவது குறை, அந்த ஆபத்தைத் தீர்க்கக்கூடிய தொல்லியலும் மானிடவியலும் அவருடைய சோழர் ஆய்வில் குறைவாகவே கலந்தன. அவருடைய அகழாய்வுப் புகழ் சங்ககாலக் கொடுமணலைச் சார்ந்தது. கல்வெட்டுப் புகழ் சோழர் காலத்தைச் சார்ந்தது. நூல்களைப் படிக்கும்போது இரண்டும் இரு தனி அறைகளாகவே தோன்றுகின்றன. சேரியின் பெயரைக் கல்வெட்டு மறைத்தாலும் அடுப்பையும் பானையையும் மண் மறைக்காது. நாடு என்ற அமைப்பும் இறந்துபோனதன்று. கொங்கு நாட்டைப் பற்றி பிரெண்டா பெக் 1972இலும், புதுக்கோட்டையைப் பற்றி நிக்கோலஸ் டர்க்ஸ் 1987இலும் எழுதிய நூல்களில் கோயில் திருவிழாவிலும் முதல் மரியாதையிலும் நாடு உயிருடன் இருப்பதைக் காணலாம். இடைக்கால நாட்டையும் இன்றைய நாட்டையும் ஒருசேர வைத்துப் பேசும் பணி இன்னும் பெரிதும் மிச்சமிருக்கிறது.

மூன்றாவது குறை, மொழி. அவருடைய முதன்மையான முடிவுகள் ஆங்கிலத்திலேயே முதலில் வந்தன. சொல்லகராதியும், தமிழகத் தொல்லியல் கழகத்தின் ‘ஆவணம்’ இதழுடன் அவருக்கிருந்த தொடர்பும் இதற்கு ஓரளவு ஈடு செய்கின்றன. ஆனால் பள்ளிப் பாடநூலுக்கும் அவருடைய ஆய்வுக்கும் இடையிலுள்ள தூரம் குறையவில்லை. குடவோலை இன்றும் தேர்வில் சிறு வினாவாகத்தான் நிற்கிறது. இக்குறைக்கு அவர் மட்டும் பொறுப்பல்லர். இடையில் நிற்கும் ஆசிரியர் சமுதாயத்துக்கும் பங்குண்டு.

முடிவுரை

சுப்பராயலு எழுதியவற்றில் உணர்ச்சிப் பெருக்கு இல்லை. தமிழன் உலகை ஆண்டான் என்ற முழக்கமும் இல்லை, எல்லாம் கற்பனை என்ற ஏளனமும் இல்லை. ஊர்ப் பெயர், ஆட்பெயர், பட்டம், வரி என்று சிறு சிறு சொற்களை அடுக்கி, அவை எவ்வளவு பாரம் தாங்குமோ அவ்வளவே மேலே கட்டினார். அந்த அடக்கமே அவருடைய பணியின் வலிமை.

அந்தச் சொற்கள் இருப்பது காகிதத்தில் அன்று, கோயில் சுவர்களில். திருப்பணி என்ற பெயரில் மணல் வீச்சால் தேய்ந்தும், சுண்ணாம்பாலும் வண்ணத்தாலும் மூடப்பட்டும் கல்வெட்டுகள் பல ஊர்களில் அழிகின்றன. ஒரு கல்வெட்டு அழிந்தால் நிலப்படத்தில் ஒரு புள்ளி போகிறது. பல அழிந்தால் ஒரு நாடே போகிறது. கல்வெட்டை வாசிக்கத் தெரிந்த ஒரு மாணவன் ஊரில் இருந்தால், சுவரைத் தேய்ப்பதற்கு முன் படியெடுக்கச் சொல்வான். அத்தகைய மாணவனுக்குச் சுப்பராயலுவின் சொல்லகராதி நல்ல தொடக்கம்.