ராத்திரிப் புளிப்பு

வெயில் ஏற ஏற மதுரைத் தெருக்களில் கம்மங்கூழ் வண்டிகளும் கூடும். மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையம் வருவதற்கு முன் தென்மாவட்டப் பேருந்துகள் கிளம்பிய பழங்காநத்தமும் இதற்கு விலக்கல்ல. ஈரத்துணி சுற்றிய பானை, எவர்சில்வர் சொம்பு, தட்டு நிறைய மோர் மிளகாய், மாங்காய்க் கீற்று, சின்ன வெங்காயம். வண்டியின் சொத்து அவ்வளவுதான். குடிப்பவர் முதல் மடக்கிலேயே கண்டுபிடிக்க வேண்டியது ஒன்று உண்டு: இந்தப் புளிப்பு மோரிலிருந்து வந்ததா, மாவிலிருந்து வந்ததா?

மோர்ப் புளிப்பு நாக்கில் சுரீரென்று பட்டு ஓடிவிடும். மாவு தானே புளித்த புளிப்பு அப்படியில்லை. கம்பின் லேசான இனிப்பைக் கூட்டிக்கொண்டு மெதுவாக வரும், விழுங்கிய பிறகும் தொண்டையில் கொஞ்ச நேரம் நிற்கும். காலையில் அவசரமாகக் காய்ச்சி மோர் ஊற்றிக் கரைத்த கூழும் தாகம் தணிக்கும். ஆனால் ருசி தேடுகிறவர்கள் பானையில் ராத்திரி தங்கிய கூழைத்தான் தேடுவார்கள்.

வெளிநாடுகளில் வீட்டிலேயே பீர் தயாரிப்பது பெரிய பொழுதுபோக்கு. தமிழ்நாட்டில் அதற்கு வழியில்லை. 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். ஆனால் தானியத்தை நொதிக்கவிட்டுப் பதம் பார்த்துப் பானமாக்கும் கைப்பழக்கத்துக்கு இங்கே குறைவில்லை. அது போதைப் பக்கம் போகாமல் புளிப்புப் பக்கம் திரும்பிவிட்டது, அவ்வளவுதான். சிக்கிமிலும் டார்ஜிலிங் மலைகளிலும் நம்மூர்க் கேப்பையை அவித்து ஆறவைத்து, மார்ச்சா என்னும் ஈஸ்ட் வில்லையைப் பொடித்துத் தூவி மூடிவைக்கிறார்கள். நொதித்ததும் மூங்கில் குவளையில் நிரப்பி வெந்நீர் ஊற்றிக் குழல் வழியே உறிஞ்சுகிறார்கள். அதுதான் தோங்பா. நமீபியாவின் வடபகுதியில் கம்பு மாவைப் புளிக்கவைத்து ஓஷிகுண்டு என்று குடிக்கிறார்கள். தானியம் மாறவில்லை, அதில் வேலை செய்யும் நுண்ணுயிர்தான் மாறுகிறது. நம் கூழில் முன்னால் நிற்பது லாக்டிக் அமில பாக்டீரியா. அதைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை; கம்போடு கூடவே வருகிறது, பழகிய பானையின் சுவரிலும் குடியிருக்கிறது.

புதிதாகத் தொடங்குபவர்கள் முதலில் பானைக்கு மெனக்கெட வேண்டும். மதுரைக்காரர்களுக்குப் பக்கத்திலேயே மானாமதுரை இருக்கிறது. கடத்துக்குப் பேர்போன அந்த ஊர் மண்பாண்டங்களுக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வாய் அகன்ற, கை உள்ளே போய்வரும் பானையாகப் பார்த்து, விரலால் சுண்டி வாங்க வேண்டும். கணீரென்று ஒலித்தால் நன்றாகச் சுட்டது, சத்தம் உடைந்து வந்தால் எங்கோ கீறல். புதுப் பானையில் அரிசி களைந்த தண்ணீரை ஊற்றி, தினமும் மாற்றிச் சில நாள் வைத்தால் மண்வாசம் அடங்கும். சோப்பு மட்டும் ஆகவே ஆகாது. மண் அதை உறிஞ்சிக்கொண்டு கூழில் திருப்பித் தரும். தேங்காய் நாரும் வெந்நீரும் போதும், பிறகு வெயிலில் கவிழ்த்துவிடலாம். பானை கசிகிறதே என்று சலிப்பவர்கள் உண்டு. அந்தக் கசிவு ஆவியாகும்போதுதான் உள்ளே சூடு குறைகிறது, புளிப்பும் தறிகெட்டு ஓடாமல் நிதானமாக ஏறுகிறது. பானை கிடைக்காவிட்டால் எவர்சில்வரோ கண்ணாடியோ பீங்கானோ போதும். அலுமினியமும் ஈயம் பூசாத பித்தளையும் புளிப்போடு சேரக் கூடாதவை.

பீர் தயாரிப்பவர்கள் பாத்திரத்தையெல்லாம் கிருமிநீக்கம் செய்து, காற்று புகாமல் அடைத்துவைத்து, ஈஸ்டைத் தவிர எதுவும் எட்டிப்பார்க்காதபடி காவல் இருப்பார்கள். கூழ்ப் பானைக்கு ஒரு மெல்லிய வெள்ளைத் துணி போதும். புளிப்பு ஏறியதும் அந்த அமிலமே மற்றக் கிருமிகளைப் பெரும்பாலும் தள்ளிவைத்துவிடும். அதற்காக அசட்டையும் கூடாது. மேலே பச்சையாகவோ கறுப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ பூத்திருந்தாலும், புளிப்பு வாடை போய் அழுகல் வாடை அடித்தாலும், மனசு கேட்காமல் கொஞ்சம் எடுத்து ருசி பார்க்க வேண்டாம். மொத்தத்தையும் கொட்டிவிட வேண்டும்.

கம்பு விஷயத்தில் ஒரு கண்டிப்பு: மாவாக வாங்கக் கூடாது. கம்பில் கொழுப்பு கூடுதல், அரைத்துவிட்டால் சில நாளிலேயே சிக்கு வாடை வந்து கசக்கத் தொடங்கும். கால் கிலோ முழுக் கம்பை வாங்கி, கல் நீக்கி, தண்ணீர் தெளித்துப் பிசிறிப் பத்து நிமிடம் வைத்தால் தோல் இளகும். உரல் இருப்பவர்கள் குத்தலாம். மற்றவர்கள் மிக்ஸியில் விட்டு விட்டு இரண்டு சுற்றுச் சுற்றினால் போதும். சுளகில் புடைத்தால் தவிடு பறந்துவிடும். மறுபடி மிக்ஸியில் போட்டு மாவும் குருணையுமாக உடைத்துக்கொள்ள வேண்டும். நைஸாக அரைத்தால் கூழ் பசையாகிவிடும். பல்லில் அங்கங்கே குருணை தட்டுப்பட வேண்டும், அதில்தான் சுகம்.

சாயங்காலம் ஒரு டம்ளர் மாவுக்கு நாலு டம்ளர் தண்ணீர் ஊற்றிக் கரைத்து மூடிவைத்தால், காலையில் மாவு அடியில் படிந்து மேலே தெளிவு நிற்கும். சித்திரை வெயில் காலத்தில் எட்டு மணி நேரத்திலேயே வேலை முடிந்துவிடும். மார்கழியில் பன்னிரண்டு மணி நேரம் தாண்டியும் காத்திருக்க நேரலாம். கடிகாரத்தை நம்புவதைவிட மூக்கை நம்புவது நல்லது. பச்சை மாவு வாடை போய், தயிர் உறையும்போது வருமே, அப்படி ஒரு வாசம் எழும். ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழ்கள் ஒட்டியிருக்கும். அதற்கு மேல் விட்டால் கடுப்பு ஏறும். பீரில் ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று தீர்க்கும் வரை பொறுத்திருப்பது கெட்டிக்காரத்தனம். கூழிலோ பாதியில் நிறுத்தத் தெரிய வேண்டும்.

நிறுத்துவது அடுப்பு. தெளிவை மட்டும் இறுத்துக் கொதிக்கவைத்து, அடியில் இருக்கும் மாவைக் கரைத்து ஊற்றி, மரத் துடுப்பால் கை ஓயாமல் கிண்ட வேண்டும். இங்கே நிமிர்ந்து போனை எடுத்தால் அடிப்பிடித்துவிடும். அந்தத் தீய்ந்த வாடையை எந்த மோரும் மறைக்காது. விரலை நனைத்துத் தொட்டால் ஒட்டாமல் வர வேண்டும், அதுதான் வெந்த பதம். ஆறியதும் உருண்டை பிடித்துப் பானைத் தண்ணீரில் போட்டு இன்னொரு ராத்திரி விட்டால், வேகும்போது அடங்கிய புளிப்பு மறுபடி மெல்லத் தலைதூக்கும். காலையில் அதே தண்ணீரில் கையால் கரைத்து, கல்லுப்பும் கொஞ்சம் மோரும் சேர்க்கலாம். மோர் இங்கே வெறும் துணைதான். மிக்ஸியில் அடித்துக் கரைப்பவர்களை என்ன சொல்வது!

கேப்பைக் கூழும் இதே வழிதான். நொய்யைக் குழைய வேகவைத்து, அதில் புளித்த கேப்பை மாவை ஊற்றிக் கிண்டுவார்கள். கேப்பையில் இன்னொரு வித்தையும் செய்து பார்க்கலாம், இது நேராகப் பீர்க்காரர்களின் முதல் படி. கேப்பையை ஒரு ராத்திரி ஊறவைத்துத் துணியில் கட்டி, முளை விட்டதும் நிழலில் உலர்த்தி, முளையைத் தேய்த்து உதிர்த்து அரைத்துக்கொள்ள வேண்டும். அடுப்பிலிருந்து இறக்கி, கை பொறுக்கும் சூட்டுக்குச் சற்று மேலே இருக்கும் கெட்டிக் கூழில் அந்த மாவை ஒரு ஸ்பூன் போட்டுக் கிளறினால், துடுப்பு நின்ற கூழ் கொஞ்ச நேரத்தில் இளகி ஓடத் தொடங்கும், நாக்கில் இனிப்பும் தட்டும். முளையில் இருக்கும் அமிலேஸ் என்னும் நொதி மாவுச்சத்தைத் துண்டு போடுவதால் வரும் மாற்றம் இது. பார்லியை முளைகட்டிப் பீருக்குச் சர்க்கரை எடுப்பதும் இதை வைத்துத்தான். வறுத்த மாவில் இந்த வித்தை பலிக்காது, சூட்டில் நொதி செத்துவிடும்.

தொட்டுக்கொள்ள என்ன என்பதில் வீட்டுக்கு வீடு சண்டை. மோர் மிளகாய் எல்லாருக்கும் பொது. சுண்ட வற்றலின் கசப்பு கேப்பைக்குப் பொருந்துகிற அளவுக்குக் கம்புக்குப் பொருந்துவதில்லை. கம்புக்குச் சின்ன வெங்காயத்தின் காரமும் சுட்ட கருவாடும்தான் ஜோடி. மாங்காய் கேட்பவர்கள் கூழில் மோரைக் குறைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் புளிப்புகள் முட்டிக்கொள்ளும். இரண்டு நாள் தாண்டிக் குடிக்க முடியாதபடி புளிப்பு ஏறிய கூழை வீணாக்க வேண்டாம். பச்சை மிளகாய், சீரகம், உப்பு அரைத்துச் சேர்த்துக் கெட்டியாகக் காய்ச்சி, மொட்டை மாடியில் துணி விரித்து ஸ்பூனால் கிள்ளி வைத்தால், மதுரை வெயிலில் இரண்டு மூன்று நாளில் வடகமாகிவிடும். அடுத்த பானைக் கூழுக்கு அதையே பொரித்துத் தொட்டுக்கொள்ளலாம்.