வாலைப் பற்றி ஒரு கேள்வி

டெட்சுகோ குரோயாநாகியின் ‘டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி’ என்று பேச்செடுத்தாலே போதும், எல்லாரும் ரயில்பெட்டி வகுப்பறையில் ஏறி உட்கார்ந்துகொள்கிறோம். பிடித்த பாடத்திலிருந்து நாளைத் தொடங்கலாம். மதியச் சாப்பாட்டில் கடலில் கிடைப்பதும் மலையில் கிடைப்பதும் இருக்கவேண்டும். சாப்பிட்டபின் நடை. ‘நமக்கு இப்படி ஒரு பள்ளி கிடைக்கலையே!’ முதல் வாசிப்பில் நானும் இப்படித்தான் உருகினேன்.

பிறகு ஒரு பாலர் பள்ளியில் ஓராண்டு வேலை பார்த்தேன். பிள்ளைகளை அவர்கள் விருப்பத்துக்கு விடவேண்டும் என்பது என் கொள்கை. ஒரு பையன் தினமும் மூலையில் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருப்பான். நான் தொந்தரவு செய்யவில்லை. ஆண்டு முடிவில் அவன் அம்மா வந்து, “எப்படி இருக்கான் டீச்சர்?” என்று கேட்டபோது, சொல்ல என்னிடம் எதுவுமில்லை. நான் கொடுத்தது சுதந்திரம் இல்லை. என் வேலையை மிச்சப்படுத்திக்கொண்டேன், அவ்வளவுதான்.

அந்தக் குற்றவுணர்வோடு திரும்பப் படித்தபோது வேறு புத்தகம் கிடைத்தது. 1937இல் டோக்கியோவில் தோமோயே பள்ளியைத் தொடங்கிய கோபயாஷி எதையும் சும்மா விடுபவர் அல்லர். முதல் பள்ளியிலிருந்து விலக்கப்பட்டு வந்த சிறுமி பேசுவதை நான்கு மணி நேரம் உட்கார்ந்து கேட்கிறார். கழிப்பறைக் குழியில் விழுந்த பர்ஸைத் தேடி அவள் மலத்தை அள்ளிக் கொட்டும்போது தடுக்கவில்லை. ஆனால் முடித்ததும் எல்லாவற்றையும் திரும்பப் போட்டுவிடுவாய் அல்லவா என்று கேட்டுவிட்டுத்தான் போகிறார். வளராத உடல்கொண்ட தாகாஹாஷி ஜெயிப்பதற்கேற்ப விளையாட்டுப் போட்டிகளையே வடிவமைக்கிறார். பிள்ளை தானாக நடக்கிற பாதைக்குப் பின்னால் பெரியவரின் உழைப்பு ஒளிந்திருக்கிறது.

நூலில் என்னை அதிகம் உலுக்கியது வேறொரு காட்சி. தாகாஹாஷியிடம் விளையாட்டாக, உனக்கு வால் இருக்கிறதா என்று கேட்டுவிட்ட ஆசிரியையைச் சமையலறையில் வைத்துக் கண்டிக்கிறார் கோபயாஷி. பிள்ளைகளிடம் காட்டாத கோபம் அங்கே வெளிப்படுகிறது. ஒழுங்கு அந்தப் பள்ளியிலும் உண்டு. அது முதலில் பெரியவர்கள்மேல் விழுகிறது.

குறையும் இங்கேதான். அழுத அந்த ஆசிரியையின் பக்கம் நூலில் இல்லை. மறுநாள் எந்த முகத்தோடு வகுப்புக்குப் போனாள்? சுயசரிதையைப் படர்க்கையில் எழுதியும் குரோயாநாகி சிறுமியின் உயரத்தைவிட்டு மேலேறவில்லை. நூலின் அழகு அதுதான். அதனாலேயே ஆசிரியர்களின் களைப்பும் தடுமாற்றமும் அவள் கண்ணில் படவே இல்லை. ஏறக்குறைய ஐம்பது பிள்ளைகள் படித்த பள்ளி என்பதையும் உருகும்போது மறந்துவிடுகிறோம்.

1945இல் குண்டுவீச்சில் பள்ளி எரிகிறது. அதைப் பார்த்துக்கொண்டே கோபயாஷி, அடுத்து எப்படிப்பட்ட பள்ளி கட்டலாம் என்று மகனிடம் கேட்கிறார். முன்பு இந்த இடத்தில் கண் கலங்கும். இப்போது அந்தப் பையனின் கட்டைகள் நினைவுக்கு வருகின்றன. என்ன கட்டினான் என்று ஒருநாளாவது கேட்டிருக்கலாம்.