காரிஞ்சாவுக்கு முன்பே ஒரு ஜூலின்யோ

பிரேசில் கால்பந்தின் வலது விங் என்றதுமே ரசிகர்கள் காரிஞ்சாவைச் சொல்வார்கள். ஆனால் காரிஞ்சாவை உலகம் பார்ப்பதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே, உலகக் கோப்பையில் அந்த விங்கை ஆண்ட ஒருவர் உண்டு. சாவ் பாவ்லோ நகரில் பிறந்த ஜூலியோ போட்டெல்யோ. ரசிகர்கள் வாயில் ஜூலின்யோ.

நின்று, உடலை அசைத்து, ஆசை காட்டி ஏமாற்றுவது காரிஞ்சாவின் பாணி. ஜூலின்யோ வேறு ரகம். நீண்ட எட்டு, வேகம், உடல்வலு. ஆளைக் கடந்த கையோடு கிராஸோ ஷாட்டோ வந்துவிடும். 1954 காலிறுதியில், அன்றைய உலகின் பலம் வாய்ந்த அணியான ஹங்கேரிக்கு எதிராக வலப்பக்கத்திலிருந்து அவர் அடித்த கோல் அதற்குச் சான்று. அந்த ஆட்டத்தில் பிரேசில் 2-4 எனத் தோற்றது.

அடுத்த ஆண்டே இத்தாலியின் பியோரெண்டினா அவரை அழைத்துக்கொண்டது. தடுப்பாட்டத்துக்குப் பேர்போன அந்த லீக்கில், 1955-56 சீசனில் பியோரெண்டினா முதன்முறையாகப் பட்டம் வென்றது. 34 ஆட்டங்களில் ஒரே ஒரு தோல்வி. 1957இல் ஐரோப்பியக் கோப்பை இறுதிப்போட்டி வரை முன்னேறி ரியல் மாட்ரிட்டிடம் வீழ்ந்தது.

1958 உலகக் கோப்பைக்குப் பிரேசில் அழைத்தபோது, வெளிநாட்டில் ஆடும் தான், உள்நாட்டில் ஆடுபவர்களின் இடத்தைப் பறிப்பது நியாயமல்ல என்று மறுத்துவிட்டார். அந்த இடத்துக்குக் காரிஞ்சாவும் ஜோயெலும் சுவீடன் போனார்கள். கோப்பையோடு திரும்பினார்கள்.

மறு ஆண்டு மே 13. மரக்கானாவில் இங்கிலாந்துடன் ஆட்டம். பயிற்சியாளர் விசென்டே ஃபியோலா காரிஞ்சாவை உட்காரவைத்து ஜூலின்யோவை இறக்கினார். பெயரை அறிவித்ததும் அரங்கமே கூச்சலிட்டது. சொந்த மண்ணில், சொந்த ரசிகர்களிடமிருந்து! அவரை மறிக்க வேண்டிய ஜிம்மி ஆர்ம்ஃபீல்டுக்கு அதுதான் முதல் சர்வதேச ஆட்டம். வலது பேக்கான அவரை அன்று இடப்பக்கம் நிறுத்தியிருந்தார்கள். பின்னாளில் இங்கிலாந்தின் கேப்டனாக உயர்ந்த அவராலேயே ஜூலின்யோவைத் தடுக்க முடியவில்லை. முதல் பத்து நிமிடங்களுக்குள் ஜூலின்யோவின் கோல். பிறகு என்ரிக்கே அடித்த கோலுக்கும் அவரே வழி அமைத்தார். பிரேசில் 2-0. கூச்சலிட்ட அதே கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

நாடு திரும்பிச் சேர்ந்த பால்மெய்ராஸ் கிளப்பிலும் அவர் சோடை போகவில்லை. 1959 சாவ் பாவ்லோ மாநிலப் பட்டத்தை முடிவு செய்த ஆட்டத்தில் சான்டோஸுக்காக பெலே முதல் கோலை அடித்தார். சமன் செய்தவர் ஜூலின்யோ. ரொமெய்ரோவின் ஃப்ரீகிக்கில் பால்மெய்ராஸ் 2-1 என வென்றது.

2003இல் காலமான அவரிடம் உலகக் கோப்பைப் பதக்கம் கிடையாது. மறக்கப்பட்டதற்குப் பெரிய காரணம் அதுதான். பதக்கத்தை ஒதுக்கிவிட்டு ஆட்டத்தை மட்டும் எடை போட்டால், பிரேசிலின் வலது விங்கர்களில் காரிஞ்சாவுக்கு அடுத்த இடம் ஜூலின்யோவுக்குத்தான். 1970இன் நாயகன் ஜைர்சின்யோ அவருக்குப் பிறகே.