முப்பது நாள் கணக்கு

விருதுநகர் மாவட்டத்து மல்லாங்கிணற்றில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில் ஒரு முகமூடி தொங்குகிறது. வெள்ளைப் பிளாஸ்டிக், வலை போலக் கண் கண்ணாக இருக்கும். கதிர்வீச்சு கொடுக்கும்போது தலை நூலளவும் அசையக் கூடாது என்பதற்காக, வெந்நீரில் இளக்கிய தகட்டை முகத்தில் வைத்து அழுத்தி அச்செடுப்பார்கள். மூக்கின் மேடு, கண்குழி, தாடை எல்லாம் அந்த வீட்டுக்காரருடையவை. பயர் ஆபிசுக்கு, அதாவது பட்டாசு ஆலைக்கு, வேலைக்குப் போய்க்கொண்டிருந்த மனிதர். மூளையில் கட்டி. இன்று அவர் இல்லை.

"முப்பது நாளும் கரண்டு வச்சு முடிச்சுட்டோம்ண்ணே, ஒரு நாள் கூட விடல" என்று அவர் மனைவி சொன்னதை நான் மறக்கவில்லை. கரண்டு என்று அவர் சொன்னது கதிர்வீச்சை. அந்த முப்பது நாளை அந்தக் குடும்பம் எப்படிக் கடந்தது என்று தெரிந்ததால்தான் இதை எழுதுகிறேன்.

சிவகாசிப் பக்கம் வசதியுள்ள சில நண்பர்கள், மூளைப் புற்றுக்காக ஓர் அறக்கட்டளை தொடங்கலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். பணத்தை ஆராய்ச்சிக்குக் கொடுப்பதா, பாதிக்கப்பட்ட குடும்பத்துக்குக் கொடுப்பதா என்பதில் அவர்கள் இரண்டுபட்டு நிற்கிறார்கள். உலகெங்கும் இந்த நோய்க்கான தொண்டு அமைப்புகள் "இரண்டுக்கும்" என்றுதான் சொல்லிக்கொள்கின்றன. கையில் இருப்பது சின்னப் பணம் என்றால் எதற்கு முதலிடம் என்று முடிவு செய்தே ஆக வேண்டும்.

ஆராய்ச்சிப் பக்கம் நிற்பவர்களின் வாதத்தை லேசாகத் தள்ள முடியாது. அந்த வீட்டுக்காரர் வெறும் வயிற்றில் விழுங்கிய டெமோசோலோமைடு மாத்திரையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1980களில் பிரிட்டனின் ஆஸ்டன் பல்கலைக்கழகத்தில் மால்கம் ஸ்டீவன்ஸின் குழு உருவாக்கிய மருந்து அது. அந்த வேலைக்குத் துணை நின்றது புற்றுநோய் ஆராய்ச்சிக்கென்று மக்களிடம் வசூலித்து நடந்த ஒரு தொண்டு நிறுவனம். அங்கே யாரோ உண்டியலில் போட்ட காசு, பல பத்தாண்டு கழித்துக் கரிசல் காட்டு வீடு ஒன்றுக்கு மாத்திரையாக வந்து சேர்ந்திருக்கிறது. அன்று அந்த நாட்டவர்கள் எல்லாரும் "நோயாளிக்குச் சோறு போடுவோம், அது போதும்" என்று நின்றிருந்தால் இந்த மருந்தே கிடையாது.

ஆனால் அந்த மருந்து கொடுத்தது எவ்வளவு என்பதையும் பார்க்க வேண்டும். கிளியோபிளாஸ்டோமா என்ற மிகக் கொடிய வகைக் கட்டியில் 573 பேரை வைத்து நடந்த சோதனையின் முடிவு 2005இல் வெளியானது. கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 12.1 மாதம். மாத்திரையும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 14.6 மாதம். கூடியது இரண்டரை மாதம். இரண்டு ஆண்டு தாண்டி வாழ்ந்தவர்கள் பத்து விழுக்காட்டிலிருந்து இருபத்தாறு விழுக்காடாக உயர்ந்தார்கள். இது பெரிய காரியம்தான். ஆனால் இருபது ஆண்டுகளாக அடிப்படைச் சிகிச்சை ஏறக்குறைய அதே இடத்தில்தான் நிற்கிறது.

பணம் இருந்தால் மட்டும் ஆராய்ச்சி நடந்துவிடாது என்பதற்கும் பிரிட்டனே சாட்சி. முன்னாள் அமைச்சர் டெஸ்ஸா ஜோவெல் இதே நோயில் 2018 மே மாதம் இறந்தார். அந்த ஆண்டு அவர் பெயரால் மூளைப் புற்று ஆராய்ச்சிக்கு 4 கோடி பவுண்டு என்று அரசு அறிவித்தது. 2023இல் நாடாளுமன்றக் குழு கணக்குப் பார்த்தபோது அதில் பாதிகூட ஆராய்ச்சிக்குப் போய்ச் சேர்ந்திருக்கவில்லை. அவ்வளவு ஆய்வகங்கள் உள்ள நாட்டிலேயே இப்படி என்றால், விருதுநகர் மாவட்டத்து அறக்கட்டளை ஒன்று சில லட்சங்களைக் கொண்டுபோய் ஆய்வகத்தில் கொடுத்து மருந்து கண்டுபிடிக்கச் சொல்வது, கண்மாயில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவது போலத்தான்.

இனிக் குடும்பத்தின் பக்கம் வருவோம். வழக்கமான கதிர்வீச்சு 30 தவணை. திங்கள் முதல் வெள்ளி வரை, ஆறு வாரம். அறுவை மதுரை ராஜாஜி மருத்துவமனையில் முடிந்திருந்தால், கரண்டு வைக்கப் பாலரெங்கபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்குப் போக வேண்டும். சிகிச்சைச் செலவுக்கு 2009இல் தொடங்கிய அரசுக் காப்பீடு இருக்கிறது. அது ஏழைக்குப் பெரிய தைரியம், சந்தேகமில்லை. ஆனால் காப்பீடு பஸ்ஸில் ஏறாது. மகளிர் இலவசப் பயணம் டவுன் பஸ்ஸில்தான் செல்லும், மதுரை வண்டியில் டிக்கெட் எடுத்தாக வேண்டும். எப்போது வலிப்பு வரும் என்று தெரியாததால் நோயாளியைத் தனியே அனுப்ப முடியாது. ஆக நோயாளியின் கூலியும் போயிற்று, துணைக்குப் போகிறவரின் கூலியும் போயிற்று. முப்பது நாளில் அறுபது ஆள்கூலி. நாலாவது வாரம், முடி கொட்டி, ஸ்டீராய்டு மாத்திரையில் முகம் ஊதியிருக்கும்போது, "போதும், விட்டுரலாம்" என்று வீட்டில் யாராவது ஒருவர் சொல்வார். மருத்துவம் தோற்கும் முன்பே சிகிச்சை தோற்பது அங்கேதான்.

இதை உணர்ச்சியில் சொல்லவில்லை, கணக்கு இருக்கிறது. மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனையில் புற்றுநோய்க் குழந்தைகளில் சிகிச்சையை மறுத்தோ பாதியில் விட்டோ போனவர்கள் 2009இல் 20 விழுக்காடு. தங்க இடம், சாப்பாடு, பணம், கூடவே நின்று பேச ஆள் என்று குடும்பத்தைத் தாங்கத் தொண்டு அமைப்புகளோடு சேர்ந்து ஏற்பாடு செய்தார்கள். 2016இல் அது 5 விழுக்காட்டுக்கு இறங்கியது. புது மருந்து எதுவும் இல்லாமல், இருக்கிற சிகிச்சையை முழுதாகப் பெற்ற குழந்தைகளின் எண்ணிக்கை கூடியது.

அதே மருத்துவமனையைச் சார்ந்து இயங்குவது பிரெய்ன் டியூமர் ஃபவுண்டேஷன் ஆஃப் இந்தியா. அதைத் தொடங்கியவர் டாக்டர் ராகேஷ் ஜலாலி. மூளைக் கட்டி உள்ள 200 இளவயதினரை வைத்து அவர் குழு நடத்திய கதிர்வீச்சு ஆய்வு 2017இல் வெளியானது. கட்டியை ஒட்டிக் குறிபார்த்துத் தரும் கதிர்வீச்சில் பிள்ளைகளின் அறிவுத்திறனும் சுரப்பிகளும் குறைவாகவே கெடுகின்றன என்று அது காட்டியது. உலகம் கவனித்த இந்திய ஆய்வு. ஐந்து ஆண்டு தொடர்ந்து வந்து சோதனைக்கு உட்கார்ந்த குடும்பங்கள் இல்லாமல் இப்படி ஓர் ஆய்வு சாத்தியமே இல்லை. வராத நோயாளியைப் பற்றி எந்த ஆய்வும் எதுவும் சொல்ல முடியாது.

அதனால்தான் நண்பர்களின் கேள்வியே தவறாகக் கேட்கப்பட்டது என்று நினைக்கிறேன். குடும்பத்தைத் தாங்குவதே ஆராய்ச்சியின் முதல் செலவு. 1954இல் முத்துலட்சுமி ரெட்டி அடையாறில் 12 படுக்கையோடு தொடங்கிய புற்றுநோய் நிலையம் இந்த இரண்டையும் பிரித்ததே இல்லை. ஏழைக்குச் சிகிச்சை தந்த அந்தக் கட்டடத்திலிருந்துதான் 1980களின் தொடக்கத்தில் சென்னைக்கான புற்றுநோய்ப் பதிவேடும் வந்தது.

என் தீர்ப்பு இதுதான். விருதுநகர் அறக்கட்டளையின் பணத்தில் பெரும்பங்கு குடும்பத்துக்குப் போக வேண்டும்: மதுரையில் ஆறு வாரம் தங்க ஓர் அறை, துணையாளின் கூலி, வலிப்பு மாத்திரை விட்டுப்போகாமல் பார்க்க ஓர் ஆள், கடைசி மாதங்களில் வீட்டுக்கே வரும் வலி நிவாரணம். கடைசியாகச் சொன்னதைக் கோழிக்கோட்டில் 1993 முதல் தொண்டர்கள் செய்து காட்டியிருக்கிறார்கள். ஆராய்ச்சிக்கான பங்கு ஆய்வகத்துக்குப் போக வேண்டாம், பதிவேட்டுக்குப் போகட்டும். யாருக்கு என்ன கட்டி, எத்தனை தவணை முடித்தார், எப்போது மறுபடி வளர்ந்தது என்று ஒருவரையும் விடாமல் பின்தொடரும் பதிவு. நம் மாவட்டத்து நோயாளியின் கதையை வேறு எந்த ஊரும் எழுதித் தராது.

மேடையில் காசோலை நீட்டிப் படம் பிடிக்கும் உதவியை நான் ஏற்கவில்லை. ஒரே தடவை தரும் பத்தாயிரம் பழைய கடனுக்குப் போய்விடும், பஸ்ஸுக்குப் போகாது. "எத்தனை பேருக்கு உதவினோம்" என்பதும் அளவுகோல் ஆகாது. எத்தனை பேர் முப்பதையும் முடித்தார்கள் என்பதே கணக்கு. இன்னொன்றும் சொல்ல வேண்டும். பட்டாசு மருந்துதான் மூளைப் புற்றுக்குக் காரணம் என்று பயமுறுத்தி வசூல் செய்யக் கூடாது. அயனியாக்கும் கதிர்வீச்சும் சில மரபுவழிக் கோளாறுகளும் தவிர உறுதியாக நிறுவப்பட்ட காரணங்கள் மிகக் குறைவு. புகை, காயம், விபத்து என்று பயர் ஆபிஸ் தொழிலாளிக்கு உண்மையான ஆபத்துகள் போதுமான அளவு இருக்கின்றன.

பணம் எங்கிருந்து வரும் என்று நம் ஊர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. விற்கிற சரக்குக்கு இவ்வளவு என்று மகமை எடுத்து வைத்தும், வீட்டுக்கு வீடு பிடி அரிசி வாங்கியும் பள்ளிக்கூடம் நடத்திய ஊர் விருதுநகர். காமராசர் படித்தது அப்படி நடந்த பள்ளியில்தான். பட்டாசுக் கட்டுக்கும் காலண்டர் கட்டுக்கும் ஒரு சிறு மகமை வைத்தால், மதுரையில் அந்த அறைக்கு வாடகை கட்டலாம்.

அந்தக் குடும்பத்துக்கு அப்படி ஓர் அறை கிடைக்கவில்லை. முப்பது நாளும் விடிகாலை பஸ். கம்மலை விற்றது பதினேழாவது நாள் என்று அந்த அம்மா தேதியோடு சொன்னார்.