கணினிக்குள் ஒரு விலா எலும்பு

டொயோட்டாவின் ‘தம்ஸ்’ கணினியில் மட்டுமே வாழும் மனித உடல். 2000இல் வெளிவந்தது. கார் மோதல் சோதனையில் உட்காரவைக்கும் பொம்மை, எவ்வளவு பலமான அடி விழுந்தது என்று சொல்லும். எந்த எலும்பு முறிந்தது என்று காட்டாது. தம்ஸ் காட்டும்.

கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும் விபத்தை மில்லிவிநாடி மில்லிவிநாடியாக நிறுத்திப் பார்க்கலாம். சீட் பெல்ட் மார்பைக் குறுக்காக அழுத்துகிறது, விலா எலும்பு மூங்கில் பிளாச்சாக வளைகிறது, பின்னாலேயே நுரையீரல் நசுங்குகிறது. அந்த வளைவை வடித்திருக்கிற நேர்த்திக்கே ஒரு சபாஷ் போடலாம். பெல்ட்டின் இறுக்கத்தைச் சற்றுக் குறைத்து மறுபடி மோதவிடலாம், யாருக்கும் வலிக்காது!

சிறிய உடல்வாகுள்ள பெண், பெரிய ஆண், குழந்தைகள் என்று தம்ஸில் பல உடல்கள் உண்டு. 2021 ஜனவரி முதல் டொயோட்டா இதை இலவசமாகவே தருகிறது.