அறையை அளக்க டிரோன் போதுமா?

5 மீட்டர் நீளமுள்ள அறையில் 34 ஹெர்ட்ஸ் பாஸ் ஒலியை ஓடவிட்டுச் சுவரோரம் நின்றால் நெஞ்சு அதிரும். நடுவுக்கு வந்தால் அதே ஒலி ஏறக்குறைய காணாமல் போகும். எதிரெதிர்ச் சுவர்களில் அலை மோதித் திரும்புவதால் வரும் விளைவு இது. எத்தனை லட்சம் கொடுத்து ஸ்பீக்கர் வாங்கினாலும் மாறாது. அறையைத் தெரிந்துகொள்ளாமல் ஸ்பீக்கரைச் சரிசெய்ய முடியாது. சிறு டிரோனைப் பறக்கவிட்டு அறையை அளக்கும் யோசனை அதனால்தான் ஈர்க்கிறது.

இதற்குப் பின்னால் உறுதியான கணிதமும் இருக்கிறது. பர்டூ பல்கலைக்கழகத்தின் மிரேய் பூட்டனும் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கிரேகோர் கெம்பரும் 2020இல் வெளியிட்ட ஆய்வு அது. ஒரே தளத்தில் அமையாத நான்கு மைக்குகளைச் சுமந்த டிரோனால், முதல் எதிரொலிகள் வந்துசேரும் நேரத்தை வைத்தே தட்டையான சுவர்களின் இடத்தைக் கண்டுபிடிக்க முடியும் என்று நிரூபித்தார்கள். எந்த எதிரொலி எந்தச் சுவருடையது என்று பிரிப்பதுதான் இதில் சிக்கல். அபூர்வமான சில நிலைகள் தவிர, டிரோன் எங்கிருந்தாலும் எப்படிச் சாய்ந்திருந்தாலும் பிழையின்றிப் பிரிக்கலாம் என்றார்கள். அழகான முடிவு. ஏணிக்கு எட்டாத அரங்குக் கூரைகளை அளப்பவர்களுக்கு இது பெரிய உதவி.

ஆனால் சுவர் எங்கே இருக்கிறது என்பது பாதி விடைதான். அது ஒலியில் எவ்வளவை விழுங்குகிறது என்பதை எதிரொலியின் நேரம் சொல்லாது. 1895இல் ஹார்வர்டில் இயற்பியலாளர் வாலஸ் சபைன், எதிரொலித்துக்கொண்டே இருந்த ஓர் உரையரங்கைச் சீராக்க இறங்கினார். சாண்டர்ஸ் என்ற வேறோர் அரங்கின் இருக்கை மெத்தைகளை அங்கே கொண்டுவந்து அடுக்கிப் பார்த்தார். மெத்தை கூடக்கூட ஒலி அடங்கும் நேரம் குறைந்தது. உரையரங்கின் வடிவமோ அப்படியே இருந்தது. டிரோன் வரைந்து தரும் படத்தில் இந்த மெத்தைகளுக்கு இடமில்லை.

சபைன் இந்த வேலையை நள்ளிரவுக்குப் பின் வைத்துக்கொண்டார். அமைதி வேண்டும் என்பதற்காக. டிரோனோ விசிறி இரைச்சலையும் காற்றையும் மைக்குக்குப் பக்கத்திலேயே கொண்டுவருகிறது. அதிர்வெண்ணைப் படிப்படியாக ஏற்றும் சோதனை ஒலியைப் பயன்படுத்தி இரைச்சலை ஓரளவு வடிகட்டலாம். ஆனால் மைக்கில் அடிக்கும் காற்று அதிகம் கெடுப்பது தாழ்ந்த அதிர்வெண்களை. அறையின் தொல்லை மிகுதியாக இருப்பதும் அங்கேதான். தரையிறக்கி, விசிறியை நிறுத்திவிட்டு அளக்கலாமே என்றால், சோபாவில் உட்கார்ந்திருப்பவரின் காது தரையில் இல்லை. போதாக்குறைக்கு, 27 கிராம் எடையுள்ள கிரேஸிஃபிளை டிரோன் ஒரு சார்ஜில் 7 நிமிடம்தான் பறக்கும்.

வீட்டில் இந்தச் சிரமம் தேவையே இல்லை. ஸ்பீக்கர் நிறுவனமான சோனோஸ் 2015இல் கொண்டுவந்த, அறைக்கேற்ப ஒலியைச் சரிசெய்யும் ட்ரூபிளே வசதி, ஐஃபோனைக் கையில் அசைத்தபடி அறையைச் சுற்றி நடக்கச் சொன்னது. மனிதர் நடந்தால் விசிறி இரைச்சல் கிடையாது.

பெரிய அரங்கின் வடிவத்தை டிரோன் அளக்கட்டும். ஒலியை அளக்கும்போது அது தரையில் அணைந்து கிடக்க வேண்டும். வீட்டுக்கு டிரோன் வாங்க நினைத்தால், அந்தப் பணத்தில் ஒரு நல்ல அளவீட்டு மைக்கும் ஸ்டாண்டும் வாங்கி, நீங்கள் உட்காரும் இடத்தில் காது உயரத்துக்கு நிறுத்தி அளந்து பாருங்கள்.