மீன்குஞ்சைக் கொல்வது பசியா, நீரோட்டமா?
ஒரு பழைய ஊகத்தின் மதிப்பீடு

நன்கு வளர்ந்த பெண் காட் மீன் ஒரே பருவத்தில் பல லட்சம் முட்டைகளை இடுகிறது. மீன் பெரிதாக இருந்தால் இந்த எண்ணிக்கை சில பத்து லட்சங்களைத் தாண்டும். இவையெல்லாம் பிழைத்தால் சில தலைமுறைகளுக்குள் கடலில் நீருக்கே இடமிராது. அப்படி நேர்வதில்லை. சராசரியாக ஒரு தாய் தன் வாழ்நாளில் இடும் முட்டைகளில் இரண்டு மட்டும் முதிர்ந்த மீனாகினால் போதும், இனம் குறையாமலும் பெருகாமலும் நிற்கும். சில ஆண்டுகளில் இரண்டுக்குப் பதில் இருபது பிழைக்கின்றன. சில ஆண்டுகளில் ஒன்றுகூடத் தேறுவதில்லை. ஏன்?

இக்கேள்வியைப் பற்றிய எந்தக் கட்டுரையைப் புரட்டினாலும் முதல் பக்கத்திலேயே ஒரு பெயர் வந்துவிடும். அது நார்வே நாட்டு அறிஞர் யோஹான் யோர்ட் (1869–1948) என்பதாகும். (ஆங்கில எழுத்துகளைப் பார்த்து ‘ஹ்ஜோர்ட்’ என்று படிக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு, நார்வேயில் முதல் எழுத்தை ஒலிப்பதில்லை.) வட ஐரோப்பாவின் பெரும் மீன்பிடிப்புகளில் காணும் ஏற்றத்தாழ்வுகளைப் பற்றி 1914-இல் அவர் எழுதிய நூல், கடல் ஆய்வுக்கான பன்னாட்டு மன்றத்தின் வெளியீடாக வந்தது. நூறாண்டு கடந்தும் அதனை மேற்கோள் காட்டாதவர் இல்லை. ஆயின் மேற்கோள் காட்டும் அளவுக்கு அதனை எடைபோட்டுப் பார்த்தார்களா என்பது வேறு கேள்வி. அந்த வேலையைத்தான் இங்கே செய்து பார்க்கலாம் என்று நினைக்கிறேன். பௌதிகம் படிப்பவர்களுக்கு இதில் ஒரு தனி அக்கறையும் உண்டு. காரணம் போகப்போகத் தெரியும்.

முதலில் நூலின் அசைக்க முடியாத பகுதியைச் சொல்லிவிட வேண்டும். யோர்ட்டுக்கு முன்பு, ஓராண்டு மீன் வரவில்லையென்றால் அது வேறு எங்கோ இடம்பெயர்ந்து போய்விட்டது என்றே மீனவரும் அறிஞரும் கருதி வந்தனர். யோர்ட்டும் அவருடைய உதவியாளர்களும் மீனின் செதிலை உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தார்கள். மரத்தின் குறுக்குவெட்டில் வளையங்கள் இருப்பது போலச் செதிலிலும் ஆண்டு வளையங்கள் இருக்கின்றன. அவற்றை எண்ணினால் மீனின் வயது தெரியும். இப்படி ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான ஹெர்ரிங் மீன்களின் வயதைக் கணக்கிட்டபோது ஓர் அதிசயம் வெளிப்பட்டது. 1904-ஆம் ஆண்டில் பிறந்த மீன்களே வலைகளை ஆண்டுக்கணக்கில் நிரப்பிக்கொண்டிருந்தன. 1910-இல் பிடிபட்ட ஹெர்ரிங்கில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் அந்த ஒரே ஆண்டின் பிள்ளைகள்! அவற்றுக்கு முன்னும் பின்னும் பிறந்தவை சொற்பம். ஆக, மீன் எங்கும் ஓடிப்போகவில்லை. பிறந்த ஆண்டிலேயே பிழைத்தவை எத்தனை என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானித்திருக்கிறது. மீன்வள அறிவியலில் இதைவிடப் பெரிய கண்டுபிடிப்பு அரிது என்பேன்.

அடுத்து வருவன இரண்டு ஊகங்கள். முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுக்கு வயிற்றடியில் ஒரு கருவுணவுப் பை தொங்கும். சில நாள் அதுவே சாப்பாடு. அது தீர்ந்த கணத்தில் குஞ்சு தானாக இரை தேட வேண்டும். அப்போது சுற்றிலும் தகுந்த பிளாங்க்டன், அதாவது மிதவை உயிரிகள், இல்லையேல் கூண்டோடு மடியும். இது முதல் ஊகம். ‘நெருக்கடிக் கட்டம்’ என்று பெயர் பெற்றது. இரண்டாவது, நீரோட்டம் குஞ்சுகளை வளரத் தக்க இடத்திலிருந்து அடித்துச் சென்று, திரும்ப முடியாத ஆழ்கடலில் விட்டுவிடலாம் என்பது. யோர்ட் இரண்டையும் ஆராய வேண்டிய சாத்தியங்களாகத்தான் முன்வைத்தார். பின்வந்தவர்கள் முதல் ஊகத்தைச் சட்டமாக்கிக்கொண்டார்கள். இரண்டாவதைப் பல பத்தாண்டுகள் பரணில் போட்டார்கள்.

பசியை ஆய்வகத் தொட்டியில் சோதிக்கலாம்; நீரோட்டத்தைத் தொட்டியில் அடைக்க முடியாது. முதல் ஊகத்துக்குக் கிடைத்த செல்வாக்குக்கு அதன் உண்மையைவிட இந்த வசதியே பெரிய காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. தெருவிளக்கின் அடியில் வெளிச்சம் இருக்கிறதென்பதற்காக அங்கே சாவியைத் தேடியவன் கதைதான்.

ஆயினும் அந்தத் தேடலில் அருமையான ஆய்வுகள் சில நடந்ததை மறுக்க முடியாது. இங்கிலாந்தில் லோஸ்டாஃப்ட் ஆய்வகத்தைச் சேர்ந்த டேவிட் குஷிங், பசியை நாட்காட்டியோடு இணைத்தார். மீன் முட்டையிடும் காலம் ஆண்டுக்கு ஆண்டு அதிகம் மாறுவதில்லை; வசந்தத்தில் பிளாங்க்டன் பெருகும் காலமோ காற்றையும் வெயிலையும் பொறுத்து முன்பின்னாகிறது. இரண்டும் பொருந்தினால் குஞ்சு பிழைக்கும், பொருந்தாவிடில் இல்லை. 2003-இல் கனடாவின் நோவா ஸ்கோஷியாக் கரைக்கடலில் செயற்கைக்கோள் தந்த நிறப்படங்களைக் கொண்டு இதனைச் சோதித்தார்கள். ஹாடாக் மீன் குஞ்சுகள் அமோகமாகப் பிழைத்த 1981, 1999 ஆகிய இரு ஆண்டுகளிலும் வசந்தப் பெருக்கம் வழக்கத்தைவிட முன்கூட்டியே நிகழ்ந்திருந்தது. குஷிங்கின் கருத்துக்கு இது நல்ல ஆதரவு.

இன்னும் சுவையானது கலிபோர்னியாவில் ரூபன் லாஸ்கர் செய்த சோதனை. அவர் நெத்திலிக் குஞ்சுகளைத் தொட்டியில் வைத்து, தொட்டியைக் கப்பலில் ஏற்றிக் கடலுக்கே கொண்டுபோனார். வெவ்வேறு ஆழத்திலிருந்து நீரை எடுத்து ஊற்றி, குஞ்சு உண்கிறதா என்று பார்த்தார். மேற்பரப்பு நீரில் அவை பட்டினி கிடந்தன. சில மீட்டர் ஆழத்தில் பாசி நுண்ணுயிர்கள் அடர்ந்திருந்த மெல்லிய அடுக்கின் நீரை ஊற்றியதும் வயிறு நிரம்பின. ஒரு மில்லிலிட்டர் நீரில் இருபது முப்பது உயிர்களாவது இருந்தால்தான் குஞ்சுக்குக் கட்டுப்படியாகிறது. பிறகு புயல் அடித்தது. அடுக்கு கலைந்து உணவு நீர்த்துப்போனது. குஞ்சுகள் மீண்டும் பட்டினி. எனவே அமைதியான கடலே நெத்திலிக்கு நல்லது என்றார் லாஸ்கர்.

இங்கேதான் பௌதிகம் நுழைகிறது. காற்று கடல்மேல் செலுத்தும் இழுவிசை காற்றின் வேகத்தின் இருமடிக்கு விகிதத்திலிருக்கும். நீரைக் கலக்கும் திறனோ மும்மடிக்கு விகிதத்திலிருக்கும். காற்று இரு மடங்கானால் இழுவிசை நான்கு மடங்கு, கலக்கல் எட்டு மடங்கு. கலிபோர்னியா, பெரு போன்ற கரைகளில் அடிநீரை மேலே கொண்டுவந்து பிளாங்க்டனுக்கு உரமிடுவது இந்த இழுவிசைதான். ஆகவே காற்று அறவே இல்லாவிட்டால் உணவு விளையாது. மிஞ்சினால் விளைந்த உணவு சிதறும், குஞ்சுகளும் கரையை விட்டு அடித்துச் செல்லப்படும். 1989-இல் கூரி, ரோய் என்ற இருவர் பல கடல்களின் புள்ளிவிவரங்களைத் தொகுத்து, விநாடிக்கு 5 முதல் 6 மீட்டர் வரையான காற்றே இவ்வகை மீன்களுக்கு ஏற்றது என்று காட்டினர். அதற்கு முந்தின ஆண்டில் ராத்ஸ்சைல்டு, ஆஸ்பார்ன் ஆகியோர் லாஸ்கருக்கு நேர் எதிரான ஒன்றையும் சொல்லியிருந்தனர்: சிறிதளவு கொந்தளிப்பு குஞ்சையும் இரையையும் அடிக்கடி சந்திக்க வைக்கும். வாயு மூலக்கூறுகளின் சராசரி மோதலிடைத் தூரத்தைக் கணக்கிடுகிறீர்களே, ஏறக்குறைய அதே கணக்குதான் இது. ஒப்புமை வேகம் கூடினால் மோதல் கூடும். ஆயின் மூலக்கூறு மோதினால் போதும். குஞ்சோ எதிர்ப்பட்ட இரையைக் குறிபார்த்துக் கவ்வ வேண்டும். கொந்தளிப்பு மிகுந்தால் குறி தப்பும்.

இவ்வளவு அழகான கட்டடம். ஆனால் அதில் ஒரு விரிசல் உண்டு. 1987-இல் பீட்டர்மன், பிராட்ஃபோர்டு ஆகியோர் லாஸ்கரின் கருத்தைப் பல ஆண்டுகளின் விவரங்களோடு ஒப்பிட்டு, காற்றடங்கிய நாட்கள் மிகுந்த ஆண்டுகளில் நெத்திலிக் குஞ்சுகளின் சாவு உண்மையிலேயே குறைகிறது என்று கண்டனர். லாஸ்கருக்கு வெற்றி என்று தோன்றுகிறதல்லவா? மறு ஆண்டே அக்குழுவினர் வெளியிட்ட அடுத்த கட்டுரை, மூன்று வாரக் குஞ்சுகளின் எண்ணிக்கைக்கும் ஓராண்டு கழித்து வலைக்கு வந்து சேரும் மீனின் எண்ணிக்கைக்கும் தொடர்பில்லை என்று காட்டியது! பசிக் கட்டத்தைத் தாண்டியவை பிற்பாடு வேறெதற்கோ இரையாகிவிடுகின்றன. நெருக்கடிக் கட்டம் உண்டு. ஆனால் அதுவே முடிவைத் தீர்மானிப்பதில்லை. பாடநூல்கள் முதல் கட்டுரையைச் சொல்லி இரண்டாவதை விட்டுவிடுவது எனக்கு உடன்பாடில்லை.

ஒரு தனி நெருக்கடி தேவையே இல்லை என்பதை நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். நாள்தோறும் 10 சதவீதக் குஞ்சுகள் சாகின்றன என்று கொள்வோம். ஒரு லட்சம் குஞ்சுகளில் 60 நாள் கழித்து எஞ்சுபவை ஏறத்தாழ 180. சாவு 8 சதவீதமானால் எஞ்சுபவை ஏறத்தாழ 670. இரண்டே சதவீத வேறுபாடு, பலன் நான்கு மடங்கை நெருங்குகிறது. கதிரியக்கச் சிதைவுக் கணக்கைப் போட்டவர்களுக்கு இது வியப்பாக இராது. வலை வீசி லார்வாக்களை எண்ணுகிறவருக்கோ அந்த இரண்டு சதவீதத்தைப் பிடிக்கும் துல்லியம் கிடைப்பதில்லை. குஞ்சுகள் கடலில் சீராகப் பரவியிராமல் திட்டுத்திட்டாகக் கிடப்பவை.

நேரடியாக அளக்க முடியாதபோது மனிதர் செய்வது ஒட்டுறவு தேடுவது. கடலின் வெப்பநிலை, காற்று, உப்புத்தன்மை என்று இருபது அளவைகளை எடுத்து மீன்வரவோடு ஒப்பிட்டால், நூற்றுக்கு ஐந்து என்ற வழக்கமான வரம்பில், தற்செயலாகவே ஒன்று பொருந்தித் தோன்றும். 1998-இல் ரான்சம் மையர்ஸ், வெளியான இத்தகைய ஒட்டுறவுகளைப் புதிய விவரங்களைக்கொண்டு மறுபடியும் சோதித்தார். பெரும்பாலானவை உதிர்ந்துபோயின. ஓர் இனத்தின் பரவல் எல்லையில், அதாவது அதற்கு மிகக் குளிரான அல்லது மிக வெப்பமான ஓரத்தில் கண்டவையே ஓரளவு நிலைத்தன.

இது அறிஞர்களின் உள்வீட்டுச் சண்டை என்று விட்டுவிட முடியாது. கலிபோர்னியாச் சாளை மீனுக்கும் கடல் வெப்பநிலைக்கும் உள்ள ஒட்டுறவு 1995-இல் வெளியாயிற்று. 1998-இல் வகுத்த மீன்பிடித் திட்டம் அதனை விதியாகவே எடுத்துக்கொண்டது. ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிலையத்தின் பாலத்தடியில் எடுத்த மூன்றாண்டுச் சராசரி வெப்பநிலையைப் பார்த்து, பிடிக்கத்தக்க பங்கு 5 முதல் 15 சதவீதத்துக்குள் நிர்ணயிக்கப்பட்டது. ஒரு வெப்பமானி ஆயிரக்கணக்கானோரின் பிழைப்பை அளந்தது! 2010-இல் மறு ஆய்வு செய்தபோது அந்த ஒட்டுறவு செல்லாது என்று தெரிந்தது. பிறகு வேறு இடங்களின் வெப்பநிலையைக் கொண்டு விதியை மாற்றினார்கள். மீன் குறைந்துபோய் 2015-இல் அந்தச் சாளைப் பிடிப்பே மூடப்பட்டது.

கடலையே காரணமாக்குவதில் இன்னொரு கெடுதலும் உண்டு. யோர்ட்டின் நூலைப் படிப்பவருக்கு, பெற்றோர் எத்தனை இருந்தாலென்ன, கடல் மனம் வைத்தால் குஞ்சு பிழைக்கும் என்ற எண்ணம் எளிதில் வரும். அவர் கண்ட அதே நார்வே ஹெர்ரிங், பெரும் சுருக்குவலைகளும் அவற்றை இழுக்கும் விசைக் கப்பிகளும் வந்தபின் 1960-களின் இறுதியில் ஏறக்குறைய அற்றே போயிற்று. அப்போது கடலும் குளிர்ந்திருந்தது உண்மைதான்; ஆனால் குளிர் மட்டும் அதைச் செய்யவில்லை. பெருவில் 1970-இல் 1 கோடியே 20 லட்சம் டன்னைத் தாண்டிய நெத்திலி 1973-இல் 20 லட்சம் டன்னுக்குக் கீழே விழுந்தபோதும் எல் நினோவின் மேல் மட்டுமே பழி போட்டவர்கள் இருந்தார்கள். மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். சாந்தா பார்பராக் கடலடிச் சேற்றில் புதைந்த செதில்களை எண்ணியவர்கள், மனிதன் இப்படி வலை வீசுவதற்கு முன்பே 1,700 ஆண்டுகளாகச் சாளை பெருகியும் அருகியும் வந்திருக்கிறது என்று காட்டியுள்ளனர். நார்வே ஹெர்ரிங்கை மீட்டதும், கடல் வெதுவெதுப்பாக இருந்த 1983-இல் பிறந்த ஒரே ஆண்டின் குஞ்சுகள்தாம்.

நம் மேற்குக் கரையின் மத்தி மீன் இந்த வழக்கில் ஒரு முக்கிய சாட்சி. அதன் வாழ்க்கையையும் பிளாங்க்டனையும் சேர்த்து ஆராயத் தொடங்கியவர் 1920-களில் சென்னை மாகாண மீன்துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல். கேரளத்தில் 2012-இல் ஏறத்தாழ 4 லட்சம் டன் மத்தி பிடிபட்டது. 2021-இல் நாலாயிரம் டன்னுக்கும் கீழ். அடுத்த ஆண்டே ஒரு லட்சம் டன்னை எட்டியது. இரண்டு மூன்று ஆண்டே வாழும் மீனாதலால் ஒரு கெட்ட பருவமே கண்கூடாகத் தெரிந்துவிடுகிறது. மழை, வெப்பம், எல் நினோ என்று பல காரணங்கள் சொல்லப்பட்டுள்ளன.

அவற்றுள் 1990-இல் லாங்கர்ஸ்ட், ஊஸ்டர் ஆகியோர் சொன்னது யோர்ட்டின் வாசகர்கள் கவனிக்க வேண்டியது. பருவமழைக்கு முன் கொச்சியில் கடல்மட்டம் வழக்கத்தைவிடத் தாழ்ந்திருந்தால், அடிநீர் முன்கூட்டியே கரையோரம் ஏறத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்த நீரில் ஆக்சிஜன் குறைவு. முட்டையிட வரும் தாய்மீன்களே கரையை அணுக முடியாமல் விலகிப்போகலாம் என்பது அவர்களுடைய கருத்து. யோர்ட்டின் இரண்டு ஊகங்களும் முட்டை பொரித்த பிறகே தொடங்குகின்றன. இங்கே பட்டினி கிடக்கவும் அடித்துச் செல்லப்படவும் குஞ்சே இல்லை.